செருப்பில்லாத கூட்டம்

நெடுங்கரையில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், காலைப் பார்ப்பார்கள், காலில் செருப்பு இருந்தால்தான் வாங்க என்ற சொல் வாயிலிருந்து வரும், இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்கவைத்து எந்த ஊர், யார் வீட்டு ஆள், எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். மரியாதை தெரியாத ஊர் என்று வெளியூர்க்காரர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். திட்டட்டும். நெடுங்கரையில் நடந்தது அவர்கள் ஊரில் நடந்திருந்தால் செருப்பின் அடிப்பக்கத்தையே புரட்டிப் பார்த்திருப்பார்கள்.

நடந்தது இவ்வளவுதான், ஒரு இங்கிலீஷ் சொல் அந்த ஊரில் பலிக்க ஆரம்பித்தது. சாமியாடி வாக்கு பலிக்கிற ஊர்கள் உண்டு, வயிற்றெரிச்சல் பலிக்கிற ஊர்கள் உண்டு, நெடுங்கரைக்கு வாய்த்தது ஸ்போக்கன் இங்கிலீஷ்.

கந்தவேலின் மாவு மில் மாடியில் அவர் மனைவி ஆவுடை அந்த வகுப்பை நடத்திவந்தாள். கீழே மிளகாய் வற்றல் அரைபடுகிற நாளில் மேலே இங்கிலீஷ் எல்லாம் தும்மலோடு கலந்துதான் வெளியே வரும். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகப்போகிற பெண்கள், செல்போன் கடைக்காரர், கல்யாண மண்டபத்து மேனேஜர் நயினார் என்று படிக்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர். ஒரு சாயங்காலம் ஆவுடை போர்டில் ஜேம்-பேக்ட் என்ற சொல்லை எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"சும்மா கூட்டம்னு அர்த்தம் இல்ல. எள்ளுப் போட்டா எள்ளு கீழ விழாது, அந்த மாதிரி நெரிசல். அதுக்குத்தான் இந்தச் சொல்லு. இடத்த முதல்ல சொல்லணும், பெறகு இஸ், அதுக்குப் பெறகு இது."

"வயிறு நெறஞ்சிருந்தா சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டார் நயினார்.

"கூடாது. வயித்துக்கும் சொல்லக்கூடாது, மனசுக்கும் சொல்லக்கூடாது. பஸ்ஸு, மண்டபம், தியேட்டரு, இப்பிடி சனம் அடையுத இடத்துக்குத்தான்."

எத்தனையோ வருஷமாக அவள் இந்தச் சொல்லுக்குக் கொடுக்கிற உதாரணம் ஒன்றுதான், அது பஸ். ஏன் எப்போதும் பஸ் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே, எதிர் ஸ்டாப்பில் ஆளே இல்லாமல் நின்ற டவுன் பஸ்ஸைக் கைகாட்டி, தி பஸ் இஸ் ஜேம்-பேக்ட் என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, பஸ் நிறைந்துவிட்டது. ஜன்னல் ஒவ்வொன்றிலும் முகங்கள், படியில் தொங்குகிற கால்கள், கண்டக்டர் கொஞ்சமும் அசராமல் உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு பாரு என்று கத்திக்கொண்டே விசில் கொடுத்தார். கடைசி ஸ்டாப்பில் பஸ் நின்றபோது உள்ளே அவரும் டிரைவரும் மட்டும்தான் இருந்தார்கள். ஒருத்தரும் டிக்கெட் எடுக்கவில்லை என்பதைத் தவிர அவருக்கு வேறு வருத்தம் இல்லை.

ஏன் அந்தச் சொல், ஏன் அந்த நாள் என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எதற்கு உதவும் என்றுதான் பார்த்தார்கள். வகுப்பில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள், வீட்டில் இருந்தவர்கள் கடைக்குப் போய்ச் சொன்னார்கள், வாரம் திரும்புவதற்குள் ஸ்லேட்டைப் பார்த்திராத கிழவர்கள்கூட அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வெள்ளைக்காரன் மாதிரி சொன்னார்கள். பக்கத்தில் நின்று சொல்லவேண்டும், இடத்துக்குக் கூரை இருக்கவேண்டும், காரியம் முடிகிறவரை கூட்டம் இருக்கும், முடிந்ததும் இருக்காது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த டாக்டர் தன் கிளினிக்கை நிறைத்துக்கொண்டார். புதிதாகத் திறந்த துணிக்கடையில் புடவைகளைத் தடவிப் பார்க்கிற பெண்கள் நிறைந்தார்கள். கட்சிக் கூட்டம் நடந்த ஷெட்டில் கைதட்டல் வானத்தைப் பிளந்தது, மறுநாளே எதிர்க்கட்சியும் அதே ஷெட்டில் அதே மாதிரி கைதட்டல் வாங்கியது.

வந்தவர்கள் யாருக்கும் தொந்தரவு செய்யவில்லை. எல்லாம் எங்கோ பார்த்த முகமாக இருக்கும், உங்கள் சின்ன மாமனார் ஜாடை ஒருவருக்கு, பள்ளிக்கூடத்து டீச்சர் ஜாடை இன்னொருவருக்கு. எதைக் கேட்டாலும் ஆமா என்பார்கள். நல்லாயிருக்கியளா, ஆமா. எங்கள ஞாபகம் இருக்கா, ஆமா. எதற்கும் இல்லை என்று சொல்லாத ஆட்கள்.

சந்தேகம் எங்கே பிறந்தது என்றால், ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் செத்த வீட்டில். ஒண்டிக்கட்டை, தூக்க ஆள் வருமோ வராதோ என்று பக்கத்து வீட்டுக்காரி இரக்கப்பட்டு வாசலில் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டாள், வீடு கொள்ளாத கூட்டம், அழுகை, ஒப்பாரி. ஊரே நெகிழ்ந்து நின்றபோது மண்டபத்தில் செருப்பு ஸ்டாண்ட் பார்க்கிற பேச்சி மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்பைப் பார்த்தே பழகிய கண்.

"உள்ள இம்புட்டு சனம் அழுது," என்றாள் பேச்சி. "வெளிய நாலு சோடிதான் கெடக்கு."

அதோடு போயிற்று ஊரின் நிம்மதி. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சனங்கள் முதலில் செருப்புக் குவியலை எண்ணினார்கள். போன வருஷம் நம்ம கல்யாணத்துக்கு வந்த கூட்டம் நிஜக் கூட்டமா என்று புருஷன் பெண்டாட்டியைக் கேட்டான், உங்கம்மா சாவுக்கு அழுதவர்கள் யார் என்று பெண்டாட்டி திருப்பிக் கேட்டாள். செருப்பை எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் கெட்டிக்காரர்கள் பழைய செருப்பை மூட்டை மூட்டையாக வாங்கி வாசலில் கொட்டிவைத்தார்கள். மூட்டைச் செருப்பு வந்ததும் நயினார் மண்டபத்தில் டோக்கன் கொண்டுவந்தார். பேச்சி கண் முன்னால் காலிலிருந்து செருப்பைக் கழற்றினால்தான் கையில் டோக்கன், டோக்கன் இருந்தால்தான் இலையில் சோறு. டோக்கன் இல்லாதவர்கள் பந்தியில் உட்கார்ந்தால் எழுப்புவதில்லை, பரிமாறுகிறவர்கள் கரண்டியை இலைக்கு மேல் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்த ஊரிலேயே அதிகமாகச் சந்தேகப்பட்டவள் ஆவுடைதான். அதற்குக் காரணம் இருந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் கீழக்காவலில், கடை வைத்திருந்த தன் அப்பா பால்வண்ணத்தோடு இருந்தாள். அம்மா இல்லாத வீடு, அவரும் அவளும்தான். அப்பாவின் தோல் செருப்புக்கு ஒரு கிறீச் சத்தம் உண்டு, தெருமுனையில் அது கேட்டதும் அவள் உலையை இறக்குவாள். கொல்லைப்பக்கம் போகக்கூட செருப்பு மாட்டிக்கொண்டு போகிற மனுஷர். சாதி வேறு என்று கந்தவேலை அவர் வேண்டாம் என்றதும் ஒரு சந்தை நாள் காலையில் அவள் கந்தவேலோடு பஸ் ஏறிவிட்டாள். அந்த பஸ் எப்படி இருந்தது என்றால், கோழிக் கூடைக்கும் யாரோ ஒருவரின் அக்குளுக்கும் நடுவே அவள் தலை சிக்கிக்கொண்டது, ஒரே ஒரு தடவை தெருவைத் திரும்பிப் பார்க்க நினைத்தாள், கழுத்தைத் திருப்ப இடமில்லை. அப்பா வாசலுக்குக்கூட வந்திருக்கமாட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு கடையைத் திறக்கப் போயிருப்பார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு மகள் பிறந்ததற்கும், மகள் பெரியவள் ஆனதற்கும் அனுப்பிய சேதிகளுக்குப் பதில் இல்லை.

சொல் பலிக்க ஆரம்பித்த புதிதில் அவளே ஒரு பஸ்ஸை நிறைத்து ஏறிப் பார்த்தாள். முன் வரிசையில் ஒரு வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, அப்பாவின் தோள். நெரிசலில் இடித்துப் பிடித்துக்கொண்டு போய் அவர் கையைப் பற்றி, எப்பா என்றாள். அவர் திரும்பி, ஆமா என்றார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள், வழியெல்லாம் பேசினாள், நான் செஞ்சது தப்பா எப்பா என்று கேட்டாள், ஆமா என்றார், என்ன மன்னிச்சிட்டீரா என்று கேட்டாள், அதற்கும் ஆமா என்றார். கடைசி ஸ்டாப்பில் பார்த்தால் அவள் பிடித்திருந்தது பஸ்ஸின் கம்பி. அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட அவமானத்தை அவள் கந்தவேலிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாராவது ஆமா என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலைமையில்தான் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பையன் தங்கமானவன், இலக்கியாவுக்கு அவன் மேல் உயிர். பையனின் அம்மா செண்பகவல்லி மட்டும் அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி எல்லாவற்றையும் பார்ப்பாள்.

"பொண்ணுக்குத் தாய்வழிச் சனம் உண்டுல்லா?" என்று பேச்சுவார்த்தையின்போதே கேட்டாள். "தப்பா நெனைக்காதிய. சொந்தம் தள்ளிவச்ச குடும்பத்துல நாங்க சம்பந்தம் வைக்கமாட்டோம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு ஆள் வேணும்லா?"

"எங்கப்பா பக்கத்து ஆளுக வந்தா மண்டபம் கொள்ளாது மைனி," என்றாள் ஆவுடை. வாய் கூசாமல் பொய் சொன்னாள், மகளுக்காகச் சொன்னாள்.

அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கீழக்காவலுக்கும் ஒன்று அனுப்பினாள். வழக்கம்போல் பதில் இல்லை. வேறு வழி இல்லை, சொல்தான்.

"வேண்டாம் ஆவுடை," என்றார் கந்தவேல். "அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லிருவோம்."

"சொன்னா கல்யாணம் நின்னுரும். நீங்க பேசாம இருங்க."

முகூர்த்தத்தன்று விடியும்போதே பேச்சி மூட்டைச் செருப்பை மண்டப வாசலில் இயல்பாகத் தெரிகிற மாதிரி இறைத்துவைத்தாள், சிலதைக் கவிழ்த்தும் சிலதை ஜோடி பிரித்தும். மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டதும் ஆவுடை மண்டபக் கதவடியில் போய் நின்றாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. காலி நாற்காலிகளைப் பார்க்க மனசு வரவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. அழைப்பிதழால் விசிறிக்கொள்கிற சித்திகள், கழுத்தில் துண்டு போட்ட சித்தப்பாக்கள், மடியில் குழந்தைகளோடு மதினிகள். தனக்கு இல்லாமல்போன சொந்தம் அத்தனையும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது.

செண்பகவல்லி வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்தாள், ஒன்றைக் கால் பெருவிரலால் புரட்டினாள், அடியில் மண் இருந்தது. சரி என்று உள்ளே வந்து கூட்டத்தைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. தாலி ஏறியது, கெட்டிமேளம் கொட்டியது, கைகள் அத்தனையும் அட்சதை தூவின, சொல்லின் ஆட்கள் தூவிய அட்சதை மட்டும் தரையில் விழவில்லை, அதை அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்து வேனுக்குப் போனார்கள்.

அடுத்த பந்தியில் பெண் வீட்டுக் கூட்டம் உட்கார்ந்தது. டோக்கன் உள்ளவர்கள் மில்லுக்கு வருகிறவர்களும் வகுப்பு மாணவர்களும்தான், மற்றதெல்லாம் சொல்லின் ஆட்கள். ஆவுடை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி மேஜையின் ஓரத்தில், இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்துக்கொண்டு, பால்வண்ணம் உட்கார்ந்திருந்தார்.

தோள் கூனி, கன்னம் ஒட்டி, இருபது வருஷத்தைக் கணக்காகச் சேர்த்த முகம். எப்பா என்று சொல்ல வாய் திறந்தாள். அடுத்த கணமே பஸ் கம்பியின் குளிர்ச்சி உள்ளங்கையில் வந்து நின்றது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், செருப்பு வாரின் தடம்கூட இல்லாத வெறுங்கால். டோக்கனும் இல்லை.

"செருப்புப் போடாமலா வந்தீரு?" என்று கேட்டாள்.

அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஆமா," என்றார்.

"ஆமா. ஆமான்னுதான் சொல்லுவீரு." அவளுக்குக் கோபம் பொங்கியது. "போன தடவ தோளும் தலையும் மட்டுந்தான் இருந்துச்சு. இந்தத் தடவ வயசையும் சேத்துக் கொண்டாந்துட்டீரோ? ரொம்பக் கெட்டிக்காரச் சொல்லுதான்."

அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சாம்பார் வாளியோடு வந்த நயினாரிடம் ஆவுடை, "இந்த இலைக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டாள்.

பந்தி முடிந்தது. டோக்கன்காரர்கள் கை கழுவப் போனார்கள், சொல்லின் ஆட்கள் இருந்த இடங்களில் இப்போது ஆள் இல்லை, கை படாத இலைகள் மட்டும் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. நயினார் அடுக்களைக்கு ஓடி வந்தார்.

"டீச்சர், ஒரு ஆள் இன்னும் போகல."

ஆவுடை வந்து பார்த்தாள். கடைசி மேஜையில் பால்வண்ணம் மட்டும் உட்கார்ந்திருந்தார். இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டவர், ஒரு பருக்கை விழாத அந்த இலையை, நல்ல வீட்டில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் மடிக்கிற மாதிரி, தன் பக்கமாகவே மடித்தார். மடித்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பேச்சி!" என்று அலறினாள் ஆவுடை. "இவரு எப்ப வந்தாரு?"

"விடியக்காலமே வந்துட்டாருக்கா," என்றாள் பேச்சி வாசலில் இருந்து. "நீங்க அந்தச் சொல்லச் சொல்லுததுக்கு முந்தியே உள்ள போய் ஒத்தையில உக்காந்திருந்தாரு. டோக்கன் குடுக்கலாம்னுதான் பாத்தேன், செருப்பு இல்லாதவியளுக்குக் குடுக்கப்பிடாதுன்னு நயினார் சொல்லிருக்காவ."

மண்டபம் காலியாக இருக்கவில்லை. கண்ணைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும், அவ்வளவு நாற்காலிக்கு நடுவில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தது தெரிந்திருக்கும். அந்த ஒருத்தரைத்தான் அவள் கூட்டத்தைக் கொட்டி மூடிவிட்டாள். ஆவுடை ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள், அவர் காலடியில் அவளும் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் வெடித்து, வெடிப்பு வெடிப்பாக மண் ஏறி, எந்தச் செருப்புக்குள்ளும் இனி நுழையாத அளவுக்குப் பரந்துபோயிருந்தன.

"செருப்பு எங்க எப்பா?"

"அன்னைக்கு நீ பஸ் ஏறிட்டன்னு சொன்னாவ," என்றார் பால்வண்ணம். "செருப்புக்கூட மாட்டாம ஓடியாந்தேன். பாலம் வரைக்கும் பின்னாலயே ஓடுனேன். கூட்டம் அப்பிடி, உன் தல தெரியல. திரும்பி வந்து செருப்பப் பாத்தேன், போடப் பிடிக்கல. அப்பிடியே விட்டுட்டேன்."

"அப்பவே வந்திருக்கலாம்லா எப்பா?"

"வீம்பு," என்றார் அவர்.

ஆவுடை மடித்த இலையைப் பிரித்தாள். அண்டாவில் அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி, வாளியில் மிச்சமிருந்த சாம்பாரை வழித்து ஊற்றினாள். அவர் பிசைந்து வாயில் வைக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. மறந்துபோன கைப்பையை எடுக்கத் திரும்பி வந்த செண்பகவல்லி, காலி நாற்காலிகளையும் தொடப்படாத இலைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க பக்கத்துச் சனமெல்லாம் எங்க மைனி?" குரலில் கல் பொறுக்கும் விரல் இருந்தது.

ஆவுடை எழுந்தாள். மகளின் வாழ்க்கை இந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் இன்னொரு தடவை பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "எங்க பக்கத்துச் சனம் இவ்வளவுதான் மைனி. இவரு எங்கப்பா. மத்தது எல்லாம் சொல்லு."

செண்பகவல்லி அருகே வந்து பால்வண்ணத்தை மேலும் கீழும் பார்த்தாள், வெடித்துப்போன வெறுங்காலில் வந்து கண் நின்றது. "இவராவது நெசமான ஆளுதானா?"

ஆவுடைக்கே அந்த ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. இலையை நோக்கிக் குனிந்து, பயந்து பயந்து கேட்டாள். "சாம்பார் நல்லாருக்கா எப்பா?"

"இல்ல," என்றார் பால்வண்ணம், வாயில் சோற்றோடு. "உப்பு கூட."

செண்பகவல்லி குனிந்து அவர் இலையைப் பார்த்தாள். பிறகு, "உப்பு கூடத்தான் இருந்துச்சு, எங்க பந்தியிலயே சொல்லணும்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆவுடை தயிர் வாளியை எடுக்க அடுக்களைக்கு ஓடினாள், அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வாசலில் நின்ற பேச்சிக்குச் சந்தேகமாகவே இருந்தது.